ஏரிக்கரைப் படிக்கு ஒரு கைப்பிடி

மண் கரையில் முன் அனுமதியின்றிக் குழி தோண்டுதல், கம்பு நடுதல், மாடு ஏற்றுதல் கூடாது. சுரக்குடிப் பக்கத்து ஏரியில் நிற்கும் பலகையில் இப்படித்தான் இருக்கிறது. வாசகம் என்னுடையது, பொதுப்பணித் துறையில் இருந்தபோது எழுதியது. மாடுகள் அதைப் பொருட்படுத்தியதில்லை.

விதியில் தவறில்லை. பழைய மண் கரைக்கு ஓர் எலி வளை போதும், ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கல்யாணமான புதிதில் மனைவியைச் சைக்கிளில் வைத்து அங்கே கூட்டிப்போவேன். அப்போது அது வயலுக்குத் தண்ணீர் விடும் ஏரி மட்டும்தான். கரைமேல் ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நடவு. அவித்த கடலையைத் தின்றபடி, எதிர்க்கரை மங்கும்வரை உட்கார்ந்திருப்போம். பிறகு அதைச் சுற்றுலாத் தலமாக்கினார்கள். வாத்து வடிவ மிதிபடகுகள் வந்தன; பிள்ளைகளோடு போனோம். இன்று ஒரு வாத்துக்குத் தலையில்லை. அதற்கும் சீட்டு வாங்க வேண்டும்.

போன வருடம் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. நடக்கத் தொடங்கியதும் அவள் கேட்டது அந்தக் கரையைத்தான். ஏறுவதற்கு வெளிச்சரிவில் படிகள் உண்டு, கைப்பிடி கிடையாது. ஐந்தாவது படியில் என் தோளைப் பிடித்து நின்றாள். அங்கிருந்து தண்ணீர் தெரியாது. இறங்கிவிட்டாள்.

மறுநாளே கைப்பிடி கேட்டு மனு கொடுத்தேன். மூன்று பிரதி, வரைபடம் இணைப்பு, உரிய வழியாக. பேருந்து அரை நாளில் போய்த் திரும்பும் புதுச்சேரித் தலைமை அலுவலகத்துக்கு மனு போனது, திரும்பவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்றுகூட வரவில்லை. எத்தனையோ பேருக்கு அந்த வரியை அனுப்பியவன் நான். அதன் அருமை அப்போதுதான் தெரிந்தது.

ஏரிக் காவலாளி விழிதியூர்க்காரர். படியோரம் நாலு மூங்கில் நட்டு, காரைக்கால்மேட்டிலிருந்து பழைய படகுக் கயிறு வாங்கிக் கட்டினால் அரை மணி வேலை என்றார். நான் பலகையைக் காட்டினேன்.

"தெனமும் படிக்கிறேன் சார். மழைக்கு முன்னாடி புடுங்கிட்டு மண்ணடிச்சுக் கெட்டிச்சிடலாம்."

கூட வந்திருந்த மனைவி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நீங்க கீழ இருந்து பதிலுக்குக் காத்திருங்க. நான் மேல போயி உக்காந்திருக்கேன்."

மூங்கிலும் கயிறும் வந்த அன்று, குழி ஒரு முழத்துக்கு மேல் போகக் கூடாது என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு, முதல் மூங்கிலை நானே பிடித்துக்கொண்டேன். கயிற்றைப் பிடித்து, படிக்குப் படி நின்று, அவள் ஏறினாள். மேலே போய்த் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கடலை எங்கே என்று கேட்டாள். வாங்க மறந்திருந்தேன்.

அதற்கப்புறம் வாரம் இருமுறை போகிறோம். பதிலும் ஒருவழியாக வந்தது: கள ஆய்வில் மேற்படி படிகளில் கைப்பிடி ஏற்கெனவே உள்ளமை கண்டறியப்பட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை, மனு முடிக்கப்படுகிறது. கரைமேல் உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கீழே ஏரியில் பெண்கள் பூ விட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று ஆடிப் பதினெட்டு.