கூடையில் கண்ட மரணம்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன்.

பதற வேண்டாம். பொலிஸ் வரவில்லை. வந்து என்னை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போயிருந்தால் எவ்வளவு நிம்மதி என்று அன்று மாலை நான் ஏங்கியது வேறு விஷயம்.

நடந்த இடம், சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில் ரவியின் கடை. உங்களுக்கு அந்தக் கடையையோ, அதைப் போன்ற இன்னொன்றையோ தெரிந்திருக்கும். வெளியே ஆசியக் கடை என்று போர்ட். உள்ளே ஒரு தட்டில் தாய்லாந்துச் சோஸ் போத்தல்கள் – அவை சுவிஸ்காரருக்கு. மீதி முழுவதும் எங்களுக்கு. வெள்ளிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து விமானத்தில் மரக்கறி வரும். வல்லாரை, முருங்கைக்காய், பச்சை மிளகாய்... ரவி பெட்டியை உடைக்க முன்னரே நாங்கள் சுற்றி நிற்போம்.

மரக்கறிக்காகத்தான் நான் போகிறேனா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் போவது மற்றவர்களுடைய கூடையைப் பார்க்க.

சிரிக்காதீர்கள். நீங்களும் பார்க்கிறவர்கள்தான். கூடையில் சரக்குத்தூளும் சுறாவும் கிடந்தால் அந்த வீட்டு மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. உளுந்து மூட்டை என்றால் லண்டனிலிருந்து விருந்தாளி. வெள்ளை அரிசிக்காரர் திடீரென்று குரக்கன் மாவுக்கு மாறினால் – டொக்டர் ஏதோ சொல்லிவிட்டார்.

ஊரில் நான் அளவையியல் படிப்பித்தவன். கண்ட இரண்டு உண்மைகளை வைத்துக் காணாத மூன்றாவதைக் கண்டுபிடிக்கும் கலை. இங்கே வந்து ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய உணவகத்தில் தட்டுக் கழுவினேன். அங்கே அளவையியலுக்கு வேலை இருக்கவில்லை. அதனால் மிஞ்சிய அறிவு முழுவதையும் ரவியின் கடையில் செலவழித்து வருகிறேன்.

அன்று ரஞ்சிதம் வந்தார். என் சிநேகிதன் குணாவின் மனைவி. குணாவும் நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் படுத்தவர்கள். குணா இல்லாமல் ரஞ்சிதம் கடைக்கு வந்து நான் கண்டதில்லை. பை தூக்குவது அவன் வேலை. அன்று அவனைக் காணவில்லை.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றபடி கூடையைப் பார்த்தேன்.

நல்லெண்ணெய். நெய். பச்சரிசி. தேங்காய். கற்பூரம். பெரிய தேயிலைப் பைக்கற். பேப்பர் கப் ஒரு கட்டு. கடைசியாக, கண்ணாடி அலமாரியைத் திறக்கச் சொல்லி ஒரு வெள்ளை வேட்டி.

எனக்குத் திக்கென்றது.

செத்தவீட்டுச் சடங்கு தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தலைக்கு வைக்க நல்லெண்ணெய். பந்தத்துக்கு நெய். வாய்க்கரிசிக்குப் பச்சரிசி. உடுத்திவிட வேட்டி. வந்து போகிறவர்களுக்குத் தேத்தண்ணி.

அது போதாதென்று இன்னொன்று. மீன் இல்லாமல் சோற்றுக்கு முன்னால் குந்தாதவன் குணா. ரஞ்சிதமோ மீன் ஃப்ரீசரைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தார். கண்கள் சிவந்திருந்தன.

கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டிருக்கலாம். "குணா எங்கை?" – இவ்வளவுதான். துக்கத்தில் இருக்கும் பெண்ணைக் கடையில் வைத்துக் கேட்பது அழகில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்டால் விடை வந்துவிடும். பிறகு என் திறமைக்கு என்ன வேலை?

ரஞ்சிதம் பைகளோடு பஸ்ஸுக்கு ஓடினார். நான் ரவியிடம் போனேன்.

"ரவி, எங்கட குணா மோசம் போட்டான்."

"என்ன மாஸ்டர் சொல்லுறியள்? அக்கா இப்பதானே வந்திட்டுப் போறா!"

"கூடையைப் பாத்தனியோ?"

ரவி தான் அடித்த பில்லை ஒருமுறை மனதில் ஓட்டினான். முகம் மாறியது.

"ஐயோ, ஓம்... வேட்டியும் எடுத்தவ!"

"எனக்கு அப்பவே விளங்கீட்டுது."

இந்தக் கடைசி வசனத்தை நான் பெருமையோடு சொன்னேன். சிநேகிதன் செத்த துக்கத்துக்கு நடுவிலும் ஒரு பெருமை! இதை எழுதும்போது கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ரவியின் கடை சும்மா கடையில்லை, வானொலி நிலையம். அடுத்து வந்தவருக்கு அவன் சொன்னான். அவர் வெளியே போக முன்னரே போனை எடுத்தார். நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் கோயில் செக்ரட்டரியைக் கூப்பிட்டேன்.

"நல்லாத் தெரியுமோ மாஸ்டர்?"

"ஐமிச்சமே இல்லை."

"அப்ப நான் உடன ஒரு அலுவல் பாக்கவேணும்" என்று அவர் வைத்துவிட்டார். அழப் போகிறார் என்று நினைத்தேன்.

நானும் அழுதேன். பஸ் தரிப்பிடத்தில் முன்பின் தெரியாத ஒரு சுவிஸ் பெண் டிஷ்யூ பைக்கற்றையே என்னிடம் தந்துவிட்டார். அந்தக் கண்ணீர் மட்டும் பொய்யில்லை.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலவர்தான் சாப்பாடு கொண்டுபோவது. என் மனைவி பூமணி அவசர அவசரமாக இடியப்பம் அவித்து, சொதி வைத்து, சம்பல் இடித்தாள். நான் கறுப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். போகிற வழியெல்லாம் மனதுக்குள் இரங்கல் உரை. எங்கள் ஆட்களின் செத்தவீடுகளில் பேசக் கூப்பிடுவது என்னைத்தான். குணாவுக்கு நல்லதாக ஒன்று அமைந்து வந்தது.

குணா வீட்டுப் படிக்கட்டு முழுவதும் சப்பாத்துகள். கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மா எட்டிப் பார்த்து, "ஃபெஸ்ட்?" என்று கேட்டார். கொண்டாட்டமா என்று கேட்கிறார்! சோகமாகத் தலையை ஆட்டிவிட்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தது குணா.

"ஐயோ முருகா!" என்றாள் பூமணி. சொதிச் சட்டி சரிந்து என் கறுப்பு ஜாக்கெட்டில் ஊற்றியது.

"வா மாஸ்டர், நீயும் வந்திட்டியோ!" இரண்டு கையிலும் ஊன்றுகோல். முகத்தில் கல்யாண வீட்டுக் களை. "ஒரு முழங்கால் ஒப்பரேஷனுக்கு இவ்வளவு சனமோடா!"

உள்ளே போனேன். சோபாவிலும் கதிரைகளிலும் நிலத்திலும் ஆட்கள். எல்லார் மடியிலும் சட்டி, ஃபிளாஸ்க். எல்லாரும் செத்தவீட்டுக்கு வந்தவர்கள். கதவைத் திறந்தது பிணம் என்று கண்டதும், அந்தக் கணமே நோயாளியைப் பார்க்க வந்தவர்களாக மாறிவிட்டார்கள். எங்கள் சனத்தின் சாமர்த்தியத்தைச் சொல்லி முடியாது.

"காலை நீட்டி மடக்கேலுமோ அண்ணை?" என்று ஒருவர் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஒரு மலர்வளையம். அதைக் காலால் மெதுவாகச் சோபாவுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை மாஸ்டர்" என்றான் குணா. "உனக்குச் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும் எண்டு ரஞ்சிதான் தடுத்தவ. சொல்லாமலே எல்லாரும் அறிஞ்சு வந்திட்டினம் பார். இந்த நாட்டில ஆருக்கு ஆர் எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருந்தன்..."

அவன் கண் கலங்கியது. நான் சொதி ஊறிய ஜாக்கெட்டோடு நின்றேன். ஆட்கள் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். நல்ல பார்வை இல்லை. ஆனால் ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படியே தப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக.

அப்போது ரஞ்சிதம் கையில் போனோடு குசினியிலிருந்து வந்தார்.

"கோயிலால எடுத்தவை. ஞாயிற்றுக்கிழமை எங்கட உபயத்தை வேறை ஆக்களுக்குக் குடுத்திட்டினமாம். எங்களுக்குத் துடக்காம்! ஆர் செத்தது?"

எல்லாரும் தத்தம் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

எங்கள் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாள் பூசையும் சாப்பாடும் ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பு. அதுதான் உபயம். மரணம் நடந்த குடும்பத்துக்குத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை கோயிலுக்குள் வர முடியாது. குணாவை மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனபோது, ஆள் நல்லபடியாக எழும்பினால் உபய நாளில் புது வேட்டி கட்டுவித்துக் கோயிலில் இருத்துவேன் என்று ரஞ்சிதம் நேர்ந்திருக்கிறார். அதுவரைக்கும் வீட்டில் மீனும் மச்சமும் இல்லை. கண் சிவந்திருந்தது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து நித்திரையில்லாமல்.

அந்த நேர்த்திக்கடன்தான் கூடைக்குள் இருந்தது.

"நான்தான்" என்றேன். "குணா, நீ செத்திட்டாய் எண்டு நான்தான் சொன்னனான்."

எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அரிசி மூட்டை, கூடை, மீன் ஃப்ரீசர், ரவி. பூமணிதான் கேட்டாள்.

"இண்டைக்கு நீங்கள் கடையால என்ன கொண்டு வந்தனீங்கள்?"

"நல்லெண்ணெய், நெய், பச்சரிசி, தேங்காய்..."

"என்னத்துக்கு?"

"புதன்கிழமை எங்கட உபயத்துக்கு."

"மீன்?"

"விரதமெல்லோ. வாங்கேல்லை."

"அப்ப அவ வாங்கினது மட்டும் செத்தவீட்டுக்கோ?"

இத்தனை வருடம் அளவையியல் படிப்பித்தவன்! என் கையிலும் அதே கூடைதான் இருந்தது. குணாவின் உபயமும் போட்டிருந்த திருவிழா நோட்டீஸ்கூட ரவியின் கடைக் கதவிலேயே ஒட்டியிருந்தது. அதில் என் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தவன் நான்.

குணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழுதனியோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

"பஸ் ஸ்டொப்பில ஒரு வெள்ளைக்காரி டிஷ்யூ பைக்கற்றையே தந்திட்டா."

அவன் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தான். "அப்ப என்ரை மச்சான்காரன் எங்கை? நான் செத்தும் அவன் வரேல்லையோ?"

"உங்களுக்கு விசரோ?" ரஞ்சிதத்தின் குரல் உடைந்தது. "என்ரை நேர்த்தி போச்சுதெண்டு நான் நிக்கிறன். நீங்கள் உங்கட செத்தவீட்டுக்கு ஆர் வரேல்லை எண்டு பாக்கிறியள்!"

சிரிக்கத் தொடங்கியவர்கள் நிறுத்தினார்கள். நான் செக்ரட்டரியைக் கூப்பிட்டேன்.

"ஆள் இருக்கிறார்" என்றேன்.

"நல்லாத் தெரியுமோ? பின்னேரமும் ஐமிச்சமில்லை எண்டுதான் சொன்னனீங்கள்."

"எனக்கு முன்னால இருந்து இடியப்பம் சாப்பிடுறான்."

"சம்பலுக்கு உப்புக் காணாதெண்டு சொல்லு!" என்று குணா கத்தினான். அது அங்கே கேட்டிருக்க வேண்டும். செக்ரட்டரி பெருமூச்சு விட்டார்.

"மாஸ்டர், ஆரா நகரத்தில ஒரு இளம் குடும்பம். எவ்வளவு காலமா ஒரு உபயம் கேட்டுக்கொண்டு இருந்ததுகள். சந்தோசத்தில துள்ளுதுகள். திருப்பித் தா எண்டு கேக்க எனக்கு வாய் வராது. நீங்களே கேளுங்கோ."

கேட்டேன். அந்தக் குடும்பத்துப் பெண்தான் போனில் வந்தாள். "அம்மாக்கு வீடியோ கோல் எடுத்துச் சொல்லிப்போட்டன் அங்கிள். அவ ஊரில எல்லாருக்கும் சொல்லியிருப்பா..."

செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. பூமணியைப் பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "குடுங்கோ" என்றாள்.

"பிள்ளை, புதன்கிழமை எங்கட உபயம். அதை நீங்கள் செய்யுங்கோ. சாமானெல்லாம் வாங்கி வைச்சிருக்கு. நானே ஆராவுக்குக் கொண்டுவந்து தாறன்."

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதம் புது வேட்டி கட்டிய புருஷனைச் சாமிக்கு முன்னால் கதிரையில் இருத்தினார். ஐயர் குணாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் உரத்துச் சொல்லி அர்ச்சனை செய்தார். ரஞ்சிதம் கைகூப்பிக்கொண்டு நின்ற நிலையை நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதைத்தானே அழித்துவிடப் பார்த்தேன் என்று இருந்தது. பூசை முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது, பேப்பர் கப்பை என்னிடம் நீட்டி, "இதைப் பாத்து ஒண்டும் நினையாதேங்கோ மாஸ்டர்" என்றார். அதற்குமேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது தூர ஊரிலிருந்து கோயிலுக்கு வந்திருந்த ஒரு பெண் மெல்ல என் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணை, அந்தக் கதிரையில இருக்கிறவர்... போன வெள்ளி மோசம் போனவரெல்லோ?"

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. அவ்வளவையும் விழுங்கிவிட்டு, "அந்தா இருக்கிறார் தங்கச்சி. அவரையே கேளுங்கோ" என்றேன்.

அவள் உண்மையாகவே போய்க் கேட்டாள்.

"ஓம் பிள்ளை, போனனான்தான்" என்றான் குணா, மண்டபம் முழுவதற்கும் கேட்க. "வழியில யோசிச்சுப் பாத்தன். போனால் என்ரை செத்தவீட்டில மாஸ்டர் எழும்பிப் பேசுவார். பயத்தில திரும்பி வந்திட்டன்."