பழம் வாங்கிக்கொண்டு போன குற்றம்

வக்கீலம்மாவின் அறையில் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. வழக்கோடு வருகிறவர்கள் உட்காரத்தான் அது. ஆனால் என்னை அதில் உட்காரச் சொல்ல அவருக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை. திருநகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. முதல் நாள் நான் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னேன். பயந்தால் எனக்குப் பேச்சு முன்னும் பின்னுமாக ஓடும். அவர் முறுக்கைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், நான் ஆஸ்பத்திரிக்குப் போன இடம் வந்ததும் மெல்லுவதை நிறுத்தினார். "யாருய்யா ஒன்னைய அங்க போகச் சொன்னா? நீயே போயி கைய நீட்டி, இந்தா விலங்கு மாட்டுன்னு கொடுத்துட்டு வந்திருக்க" என்றார். அந்தக் குரல் எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்காது.

நடந்தது இதுதான். வில்லாபுரத்திலிருந்து தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் லோடு வண்டி ஓட்டிப் போனேன். என் பக்கத்தில், இடது ஓரமாகத்தான் போனேன். சுற்றிக்கொண்டு வரச் சோம்பல்பட்டு, ராங் சைடில் ஒரு பைக் நேராக வந்து முட்டியது. ஓட்டி வந்தவர் அந்தப் பக்கத்து விவசாயி. கால் ஒடிந்துவிட்டது. நானே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். மறுநாள் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற யாரும் அதைத்தான் செய்வார்கள். தப்பு யார் மேலே என்பது அப்புறம். அடிபட்டுக் கிடக்கிறவரை வெறுங்கையோடு பார்க்கப் போகக்கூடாது. காலில் கம்பி போட்டு அவர் கிடந்த கிடப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிருங்கண்ணே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் அவருடைய தம்பி நின்றார். போலீசிடம் அந்தத் தம்பி கொடுத்த சாட்சியே அதுதான்: இவன் வந்து அழுதான், மன்னிப்புக் கேட்டான்.

வேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிக் கொடுங்காயம் உண்டாக்கியதாக வழக்கு. வண்டி முதலாளி, "ஒத்துக்கடா, அபராதத்தக் கட்டிட்டு வந்துருவோம், ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்றார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. பயத்திலிருந்து எப்படியாவது வெளியே வந்தால் போதும் என்று கிடந்தேன். வக்கீலம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். "ஒத்துக்க. குத்தவாளின்னு பதிவாகும். அப்புறம் லைசென்ஸப் புடுங்கிட்டா, ஒங்க மொதலாளி ஒன்னைய எதுல ஒக்கார வப்பாரு, தண்ணி கேன்லயா?" ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு லைசென்ஸ்தான் படிப்பு, லைசென்ஸ்தான் நிலம். அது போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு அவரிடமே வழக்கை விட்டேன்.

அவர் வேலையில் கெட்டிக்காரர். அதை மறுக்க மாட்டேன். போலீசே வரைந்த வரைபடத்தில் உடைந்த கண்ணாடித் துண்டுகள் சாலையில் நான் போன இடது ஓரத்திலேயே கிடந்ததாக இருந்ததை எடுத்துக் காட்டினார். ஊன்றுகோலோடு நின்ற விவசாயியிடம், "சுத்தி வர அலுப்புப்பட்டு எதுக்க வந்தீங்க, அதுக்கு இவரு ஜெயிலுக்குப் போகணுமா?" என்று கேட்டபோது அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்துத் தம்பி. "ஒங்க சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில கெடந்தா வெறுங்கையோடயா போவீங்க?" "இல்லம்மா." "எழவு வீட்டுல அழுகுறவன் எல்லாம் கொல பண்ணவனா?" கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். வக்கீலம்மா விடவில்லை. "அவர் மன்னிப்பே கேக்கல. நீங்க பொய் சொல்றீங்க" என்று முடித்தார். தம்பி அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி என்னையே பார்த்தார்.

சாட்சிகள் முடிந்ததும், ஒவ்வொருவரும் சொன்னதைச் சொல்லி நீதிபதி நம்மிடம் நேராகக் கேட்பார். அதற்கு வக்கீலம்மா எனக்குச் சொல்லி அனுப்பியது ஒரே வார்த்தை. "எதக் கேட்டாலும் பொய்யின்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறந்த, நான் எந்திரிச்சுப் போயிருவேன்." முந்தைய கேள்விகளுக்கெல்லாம் பொய் என்றேன். தம்பியின் சாட்சி வந்தது. "அழுததும் மன்னிப்புக் கேட்டதும் நெசங்கய்யா. தப்பு எம்பேர்ல இல்ல. கால் ஒடிஞ்சு கெடந்தவரப் பாத்து அழுதேன்" என்று சொல்லிவிட்டேன். வீரத்தில் சொன்னதில்லை. பயந்துகொண்டேதான் சொன்னேன். லைசென்ஸ் போய்விட்டது என்றே நினைத்தேன்.

விடுதலை என்று தீர்ப்பு வந்த நாளில் வக்கீலம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. படியிறங்கும்போது, "அந்தக் கண்ணாடித் துண்டு ஒன்னையக் காப்பாத்துச்சு. ஒன் வாயி இல்ல. இனிமே என் படியேறாத" என்றார். நன்றி சொல்லத்தான் நான் அவர் பின்னாலேயே வந்திருந்தேன். இப்போதும் வழக்கில் மாட்டிக்கொண்ட டிரைவர் யாராவது கேட்டால் அவரிடம்தான் அனுப்புகிறேன். உட்காரச் சொல்ல மாட்டார், மனுஷனை மனுஷனாகப் பார்க்க மாட்டார், ஆனால் ஜெயிப்பார் என்று சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன்.

கோர்ட் வாசலுக்கு வெளியே தம்பி நின்றார். கூடவே அவருடைய ஆட்கள், ஒருவரும் டீ குடிக்க வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை. என்னால் திரும்பி உள்ளே போகவும் முடியவில்லை. அவர் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல் சொன்னார்: "அந்தம்மா என்னைப் பொய்க்காரன்னுச்சு. நீயும் சொல்லியிருந்தேன்னு வையி, லைசென்ஸ் இருந்திருக்கும். வண்டி ஓட்டக் கை இருந்திருக்காது. போ."

போனேன். அவர் மன்னிக்கவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை. இன்றும் அதே சாலையில்தான் லோடு ஏற்றிப் போகிறேன். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது பைக்கில் என்னை முந்திப் போனால், ஸ்டியரிங்கில் இருக்கும் என் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.