கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள்

பால், மோர், நெய், முட்டை, மீன், கறி எதுவும் எங்கள் முதலியார்பேட்டை வீட்டுச் சமையலறைக்குள் வராமல் போனதற்கு என் வீட்டுக்காரரின் நெஞ்சுவலிதான் காரணம். சுனாமி வந்துபோன அடுத்த மாதம் அது. ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரத்தக்குழாயில் கொஞ்சம் அடைப்பு, மாத்திரையும் வாய்க்கட்டுப்பாடும் இருந்தால் சமாளிக்கலாம் என்றார்கள். நான் நேராக வில்லியனூர் மாதாவிடம் போய் முழங்காலில் நின்றேன். இவர் எதை விடுகிறாரோ அதை நானும் விடுகிறேன், இவரை மட்டும் எனக்கு விட்டுவை என்று பொருத்தனை வைத்துவிட்டு வந்தேன்.

தவக்காலம் முழுக்கக் கவுச்சி தொடாமல் இருப்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அந்த வருஷம் கடல் அத்தனை பேரை வாரிக்கொண்டு போயிருந்ததால் மீன்கூட யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் தவக்காலம் முடிந்து ஈஸ்டர் பாஸ்கா அன்று தெருவெல்லாம் பிரியாணி மணக்க, எங்கள் வீட்டில் மட்டும் சாம்பாரும் பீட்ரூட் பொரியலும். அவர் நடுவில் ஓர் இயற்கை உணவு முகாமுக்குப் போய்வந்திருந்தார். பால் கன்றுக்குட்டியின் சொத்து, மாட்டிடமிருந்தும் கோழியிடமிருந்தும் எதையும் வாங்காதே என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீகன் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் அப்போதுதான் வந்தது. இனி ஆயுசுக்கும் இப்படித்தான் என்றார். பொருத்தனை வைத்தவள் நான், மறுபேச்சு உண்டா?

சும்மா சொல்லக்கூடாது, முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. சோயாவை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்தேன். வேர்க்கடலையில் தயிர் உறைய வைத்தேன். தயிர் என்று நினைக்காமல் சாப்பிட்டால் இறங்கும். இரண்டு பேருக்கும் எடை குறைந்தது. அவர் தினமும் காலையில் நடந்தார், முகத்தில் களை வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் உழவர்கரையில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். அக்கா தனியாக இருப்பவர், அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் அடிக்கடி மக்கர் செய்யும். மத்தியானம் கிராம்பை மென்றுகொண்டே திரும்பி வருவார். ஒரு மோட்டார் அத்தனை ஞாயிற்றுக்கிழமையா கெட்டுப்போகும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இரண்டாவது வருஷம் என் நாக்கு தோலுரிந்த மாதிரி சிவந்தது. வெறும் ரசம் பட்டாலே எரிந்தது. பிறகு பாதம் மரத்தது. வெறுங்காலில் நின்றாலும் காலுறை போட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வராந்தாவில் நடந்து வருகிறேன், கூட வேலை பார்க்கும் டீச்சர் பின்னாலிருந்து கூப்பிட்டு, "டீச்சர், ஒரு செருப்ப அங்கயே வுட்டுட்டு வரீங்களே!" என்றார். கழன்றதே எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் அவர். "ஒரே சோறு, ஒரே கொழம்புதான ரெண்டு பேரும் சாப்புடறோம்? நெஞ்சுவலிக்காரன் நானே கல்லு மாதிரி இருக்கேன். நீ எல்லாத்தையும் மனசுலயே போட்டு ஒழப்பிக்கிற."

அவர் உடம்பு கண்ணுக்கு எதிரே நடமாடிக்கொண்டிருந்தது. முகாம்காரரிடம் அவர் போனில் கேட்டதற்கு, பழைய கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றாராம். சரி, குறை என்னிடம்தான் என்று எடுத்துக்கொண்டேன். வேதக்காரப் பிள்ளையாக வளர்ந்தவளுக்கு வலியை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய இதயத்துக்காக என் காலை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஜெபக்கூட்டம் நடக்கும். கண்ணை மூடி நிற்கச் சொல்வார்கள். ஜெபம் நடத்துகிறவர் வந்து தலையில் கை வைப்பார். சிலர் அப்படியே மல்லாந்து விழுவார்கள், பரிசுத்த ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று அர்த்தம். அடிபடாமல் தாங்கிக்கொள்ளப் பின்னால் ஓர் ஆள் நிற்பார். எனக்குப் பின்னால் எப்போதும் என் வீட்டுக்காரர்தான் நிற்பார்.

வருஷக்கணக்கில் மரம் மாதிரி நின்றவள் நான், திடீரென்று விழ ஆரம்பித்தேன். கண்ணை மூடினால் போதும், தரை நழுவும். கை வைப்பதற்கு முன்பே ஆடுவேன், லேசாகத் தொட்டதும் சாய்வேன். கூட்டத்தில் என் மதிப்பு ஏறிவிட்டது. பெண்கள் என்னிடம் வந்து தங்கள் வீட்டுக் கஷ்டத்துக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். நாத்தனார், அந்த உழவர்கரை அக்காதான், என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம் மேல எறங்குற மாதிரி யார் மேலயும் எறங்கல. எல்லாம் நீ வாயக் கட்டி இருக்கிற புண்ணியம்" என்று கண்கலங்கினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு காலையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவள், குளியலறைத் தொட்டியில் நெற்றி இடிக்க விழுந்தேன். ஆவியானவருக்குக் குளியலறையில் என்ன வேலை? அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. நெற்றியில் தையல் போட்டதும், இதை இப்படியே விடாதீர்கள் என்று செருப்பைக் காட்டிய அதே டீச்சர் விரட்டியதால் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் சின்னப் பெண். நாக்கை நீட்டச் சொன்னார். ஓர் இரும்புக் கவையைத் தட்டி என் கால் கட்டைவிரலில் வைத்து, "அதிருதாம்மா?" என்றார். ரீங்காரம் காதில் கேட்டது, விரலில் ஒன்றுமே இல்லை. பிறகு எழுந்து நின்று, காலைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். நேராக அவர் மேலேயே போய் விழுந்தேன்.

"ஜெபக்கூட்டத்துலயும் இப்படித்தான் டாக்டர் விழுவேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்ன சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பி டுவெல்வ்னு ஒரு சத்தும்மா. பால், முட்டை, மீன், கறியிலதான் இருக்கு. அதெல்லாம் வேணாம்னா வேணாம், தப்பில்ல. ஆனா அதுக்கு மாத்திரை போட்டே ஆகணும். யாரும் சொல்லலையா? இதுக்கு மேல விட்டிருந்தா நடக்கவே முடியாம போயிருக்கும்" என்றார். ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். அப்புறம் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் இதே சாப்பாடுதான சார்? உங்களுக்கும் உள்ள கொறைஞ்சிருக்கும். நீங்களும் ரத்தம் குடுத்துடுங்க."

"எனக்கு வேணாம் டாக்டர்."

"இல்ல சார், வெளிய தெரியாமலே நரம்பப் பாதிக்கும்."

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு அது கொறையாது டாக்டர். நான் ஞாயித்துக்கெழம அக்கா வூட்ல மீனு, கறியெல்லாம் சாப்புட்டுடுவேன். ஆபீஸ்ல பால் டீதான். முட்டையும் சாப்புடுவேன்."

"எப்பலேர்ந்து சார்?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

அந்த அறையில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த உண்மைகூட எனக்காகச் சொன்னது இல்லை. ஊசிக்குத் தப்பிக்க அந்தப் பெண்ணிடம் சொன்னார். ரத்தம் எடுக்கும் இடத்தில் என் கைப்பையை வாங்கிக்கொள்ள வந்தார், நான் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு கையை நீட்டினேன்.

மறுநாள் நாத்தனார் வந்தார். "பாவம்மா அவன், நாக்கு செத்துப்போச்சுக்கான்னு வந்து நின்னான். ஒனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல" என்றார். என் நாக்கை நீட்டிக் காட்டினேன். "இதப் பாருங்க அண்ணி, எது செத்துப்போச்சுன்னு." அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வஞ்சிரம் வறுத்துப் பரிமாறின அதே கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு புண்ணியத்தைப் பற்றிப் பேசியவர்.

மீன் தின்றதற்காக நான் எரியவில்லை. பசித்தவன் தின்றான், போகட்டும். வாய் அடங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே குழம்பு வைத்துக் கொடுத்திருப்பேன். என் கால் மரத்துப்போய்விட்டது என்று நான் வந்து சொன்னபோது, திருட்டுத்தனமாகத் தேற்றி வைத்த உடம்பைக் காட்டி "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. காரணம் அவருக்குத் தெரியாதாம், சத்து சமாசாரமெல்லாம் தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். இருவர் தட்டும் ஒன்றில்லை என்பது தெரியுமே.

ஊசி போட்டுப் போட்டு நாக்கு ஆறியது. கால் மெதுவாகத் திரும்பி வந்தது, விரல் நுனிகள் மட்டும் இன்னும் வரவில்லை. வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்து அவரே ஆய்ந்து கொடுத்தார். வீட்டில் பேச்சும் நடந்தது, உப்பு வேண்டுமா, கேஸ் வந்ததா என்கிற அளவில்.

நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். எல்லோரையும் கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். ஜெபம் நடத்துகிறவர் வரிசையில் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். வழக்கம்போல என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"கண்ண மூடிக்கோ" என்று என் காதருகே சொன்னார். "பின்னால நான் இருக்கன்ல?"

நான் மூடவில்லை.