முற்றத்தில் தனியாக இறங்க வேண்டாம்

என் புருஷன் தர்மோவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவான். பனிக்கால டயர் மாட்டுவதில் ஊருக்கே முதல் ஆள் அவன்தான். இந்த வடகோடிக் குளிர் நாட்டில், ஓவ்லு நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தில் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்தப் பயத்தை வைத்தே அவன் பிழைப்பு நடத்துவான் என்று யார் கண்டது?

அவனைப் பெற்றவள் இம்பி நேர் எதிர். கைனூ வட்டாரத்துக் காட்டுக்குள் ஹல்லலம்பி என்ற ஊரில், ஏரிக்கரை மரவீட்டில் தனியாக இருக்கிறாள். எண்பதைத் தாண்டிய பிறகும் சனிக்கிழமை தோறும் சவுனா என்கிற நீராவி அறையில் வேர்த்துவிட்டு, உறைந்த ஏரியில் கடப்பாரையால் தானே போட்ட ஓட்டையில் இறங்கி முங்குவாள். "நீ என் வயித்துல பொறந்தவன்தானான்னு ஆஸ்பத்திரியில ஒரு தடவ கேக்கணும்டா" என்று மகனை வாருவாள். எனக்கு அவளைக் கொள்ளைப் பிரியம்.

தர்மோ முதலில் வட்டாரப் பத்திரிகை ஒன்றுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அதை மூடியதும் ஒரு கைப்பட்டைக் கம்பெனியில் சேர்ந்தான். தனியாக வாழும் பெரியவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை. விழுந்துவிட்டால் பட்டனை அழுத்தினால் போதும், உதவி வரும். நல்ல சாமான்தான், நான் குறை சொல்லவில்லை. இணையத்தில் அதை எந்த ஊரில், யார் கண்ணில், எப்படிக் காட்டுவது என்று திட்டம் போடுவது அவன் வேலை.

அதற்கு அவன் புள்ளிவிவரத்தைத்தான் நம்பினான். எந்த ஊராட்சியில் வயதானவர்கள் எத்தனை பேர் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார்கள், போன வருஷம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை என்று பார்த்துக்கொண்டே இருப்பான். மற்ற கம்பெனிகள் போன் நிறைய இருக்கும் நகரங்களில் பணத்தைக் கொட்டின. தர்மோ மாற்றி யோசித்தான். போனோடு பழகினவர்கள் விளம்பரத்தைக் கண்ணாலேயே ஒதுக்கிவிடுவார்கள். புதிதாக வாங்கியவர்கள்தான் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பார்கள். அதனால் போன் எங்கே அதிகம் என்று பார்க்காதே, எங்கே இப்போதுதான் கூடியது என்று பார். ஒரே வருஷத்தில் கிடுகிடுவென்று ஏறிய ஊர்களில் முதலில் நின்றது ஹல்லலம்பி. அங்கே வங்கியை மூடிவிட்டார்கள், டாக்டரைப் பார்க்கவும் போனில்தான் நேரம் கேட்க வேண்டும். வேறு வழியில்லாமல் ஏரியைச் சுற்றியிருந்த கிழவிகள் எல்லாரும் போன் வாங்கியிருந்தார்கள், என் மாமியார் உட்பட.

"உங்கம்மாவும் அந்தக் கணக்குல இருக்காங்களேப்பா" என்றேன். சதவீதத்தில் ஆள் முகம் தெரியாது என்று சிரித்தான்.

விளம்பரத்தை அவனே எழுதினான். கூச்சல் இல்லை, பகட்டு இல்லை. வெள்ளையில் நீல எழுத்து. 'ஹல்லலம்பியில் தனியாக வசிப்பவர்கள் கவனத்துக்கு: முற்றம் உறைந்து வழுக்குகிறது. தனியாக இறங்க வேண்டாம்.' கீழே சின்னதாகப் பட்டையின் படம். அவனுடைய பயம் அத்தனையும் அந்த வரிகளில் இருந்தது. படித்தபோது எனக்கே சுருக்கென்றது.

ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். நின்று நிதானமாகப் பார்த்தார்கள், ஆனால் ஒருவரும் வாங்கவில்லை. இவ்வளவு நேரம் பார்க்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளினால் வாங்கிவிடுவார்கள் என்று மேலதிகாரி ஏகத்துக்கும் குஷியானார். தர்மோவும் சரியென்று தினம் நாலைந்து தடவை கண்ணில் படும்படி கூட்டிவிட்டான். அது ஜனவரி, ஹல்லலம்பியில் மைனஸ் இருபத்தெட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை இம்பி வழக்கம்போல் கூப்பிட்டாள். நேற்று சவுனா எப்படி என்று கேட்டேன். போகவில்லையாம். என் மாமியார் சவுனாவுக்குப் போகாத சனிக்கிழமையை நான் கேள்விப்பட்டதே இல்லை. உடம்புக்கு என்ன என்றேன்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வெளிய இறங்கக் கூடாதுன்னு போன்ல வருதே. பேங்க், டாக்டரு எல்லாம் வர்ற போன்ல சொல்றாங்கன்னா காரணமில்லாமயா சொல்வாங்க? கேட்டு நடக்கணும்ல." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டபடி பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த தர்மோ கோப்பையை அப்படியே வைத்தான். உடனே திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. பத்து நிமிஷம் விட்டு மறுபடி கூப்பிட்டான். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் அவளுடைய சிநேகிதி சைமாவைக் கூப்பிட்டான், அவளும் எடுக்கவில்லை. அவசர எண்ணுக்குச் சொல்லேன் என்றேன். என்னவென்று சொல்வது, அம்மா போன் எடுக்கவில்லை என்றா என்று கேட்டான். காரை எடுத்தோம்.

காட்டுக்குள் திரும்பியபோது சொன்னான்.

"விறகுக் கொட்டகை முத்தத்துக்கு அந்தாண்ட இருக்கு."

அந்த வீட்டில் விறகு அடுப்பைத் தவிர வேறு சூடு கிடையாது. வேகமாக ஓட்டு என்றும் சொல்ல முடியவில்லை, பாதை கண்ணாடியாக இருந்தது. போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. வாசலிலிருந்து கொட்டகை வரை பனியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

சாவியை அவனிடமிருந்து பிடுங்கி நான்தான் திறந்தேன். உள்ளே எங்கள் மூச்சு புகையாக வந்தது. வாளித் தண்ணீர் மேலே பனி ஆடை கட்டியிருந்தது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எப்போதும் கிடக்கும் நாற்காலிகளில் ஒன்றுகூட இல்லை. ஐயோ, அந்தப் பொம்பளை வாசற்படி தாண்டாமல் நாற்காலியை உடைத்து எரித்திருக்கிறாள்.

கட்டிலில் கோட்டும் கம்பளியும் குவிந்து கிடந்தன. தர்மோ 'அம்மா' என்றான். இன்னொரு தடவை கூப்பிட்டான். குவியல் அசைந்தது.

"சத்தம் போடாதடா, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எந்திரிச்சு வந்து போன எடுக்கத்தான் குளிரு விடல."

அவன் ஓடி ஓடி விறகு சுமந்து வந்து அடுப்பை மூட்டினான். நான் காபி போட்டு அவள் கையில் கொடுத்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது, பேச்சு மட்டும் குறையவில்லை.

"அத எழுதுறவன் நல்ல பையன்டா. ஒரு நாளைக்கு நாலு தடவ ஞாபகப்படுத்துறான். நீ ஞாயித்துக்கிழமைதானே என்னைய நெனைக்குற?"

"அம்மா, அத எழுதினதே நான்தான். அது விளம்பரம். நீங்க தாராளமா வெளிய போகலாம்."

அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ சொன்னா ஆச்சா? அதுல வரட்டும், போறேன்."

அடித்துச் சொன்னாலும் கேட்கிறவளாக இல்லை. அப்போதுதான் நான் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தேன். சைமாவின் கூரையில் புகை இல்லை. பக்கத்துக் கூரையிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. சுற்றிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போவதற்குள் விடிந்துவிடும். தர்மோ மடிக்கணினியைத் திறந்தான். பழைய விளம்பரத்தை நிறுத்திவிட்டு அதே நீல எழுத்தில், அதே ஊருக்கு எழுதினான்: 'ஹல்லலம்பியில் தனியாக வசிப்பவர்கள் கவனத்துக்கு: முற்றத்தில் இறங்கலாம். உடனே விறகு எடுத்து அடுப்பை மூட்டவும்.'

அரை மணி நேரம் இருக்கும். அக்கரையில் சைமா வீட்டில் முதல் புகை எழுந்தது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தர்மோ ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான், நிம்மதியில்தான். எனக்கு நிம்மதி வரவில்லை. ஒவ்வொரு புகைக்கும் பயம் கூடிக்கொண்டே போனது.

பின்னால் மரத்தரை கிரீச்சிட்டது. இம்பி படித்துக்கொண்டிருந்த போனை மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி கதவருகே நின்று பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். அடுப்போரம் அவள் மகன் சுமந்து வந்த விறகு இடுப்புயரம் கிடந்தது. நான் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"இருங்க அத்தை, இப்பதான் உடம்பு சூடாகுது. வெளிய இருட்டிடுச்சு. விறகுதான் இவ்வளவு கெடக்குதே."

"உடனேன்னு போட்டிருக்கும்மா" என்று என் கையை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள்.