ஆனையூரில் தெருவுக்கு வந்த ஆராதனை

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திருமங்கலத்தில் பஸ் ஏறினேன். மழை விட்டிருந்தது. ஆனையூரில் தனியாக இருக்கும் என் அக்கா ஸ்டெல்லாவின் போன் முந்தின நாள் மதியத்திலிருந்து அணைந்தே கிடந்தது. அக்கா மிஷன் பள்ளி ஆசிரியை. கண்மாய் உடைந்து தண்ணீர் அவள் தெருவுக்குள் புகுந்துவிட்டது என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி, இருநூறு ரூபாய் பேசி ஆட்டோ பிடித்தேன். ஆனையூர் முகப்பிலேயே டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

“இதுக்கு மேல போகாதுண்ணே. யாரைப் பாக்கப் போறீக?”

“அக்காவை. நேத்துலேர்ந்து போனு ஆஃப்லயே இருக்கு.”

நீட்டிய காசை அவர் வாங்கவில்லை. “மொதல்ல போய்ப் பாருங்க. நான் இங்கனதான் நிப்பேன். ஆஸ்பத்திரிக்கு ஏதும் போகணும்னா வண்டி வேணும்ல.”

இடுப்பளவு தண்ணீர். அக்கா வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே நாற்காலிகள் மிதந்தன. பெயர் சொல்லிக் கத்தினேன். எதிர் மாடியிலிருந்து ஒருவர், “டீச்சரா? சர்ச்சுக்குப் போங்க” என்று கை காட்டினார்.

சர்ச் மேட்டில் இருந்தது. அங்கே கண்ட காட்சியில் அப்படியே நின்றுவிட்டேன். ஆராதனை தெருவில் நடந்துகொண்டிருந்தது. சேற்றில் கணுக்கால் புதைய நின்று, அத்தனை பேரும் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்ட பெஞ்சுகளில் வீடிழந்த குடும்பங்கள் தூங்கின. நெற்றியில் திருநீறோடு ஒரு பெரியவர் பலிபீடத்தின் அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

யாருடைய சேலையையோ கட்டிக்கொண்டு அக்கா நின்றாள். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தாள்.

“சத்தம் போடாதடா. ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்த சனம். இப்பத்தான் கண்ணசந்திருக்கு.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜெபம் முடியும் நேரம், கீழக்குயில்குடிப் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் சோறும் சாம்பாருமாக வந்து சேர்ந்தது. அண்டாவைப் பிடித்தபடி வந்த அந்த ஊர் விவசாயி பாண்டியம்மாள் சோறு போட, போதகர் தட்டுகளை உள்ளே ஏந்திப் போனார்.

“உங்க ஊர்ல மழை எப்படிம்மா?” என்று கேட்டேன்.

“எங்க நடவும் முங்கிப்போச்சுப்பா. வீட்ல பழைய அரிசி கெடந்துச்சு. இம்புட்டுப் பிள்ளைக பசியில இருக்கையில அதைப் பூட்டி வச்சு என்ன செய்ய?”

அக்காவை என்னோடு திருமங்கலத்துக்குக் கூப்பிட்டேன். வர மறுத்துவிட்டாள். “இவுகளை விட்டுட்டு எங்கடா வாரது? நீ போய்ப் போர்வை கொண்டா.” தங்கள் ஊரிலிருந்து திருமங்கலம் போவது சுலபம் என்று பாண்டியம்மாள் சொல்ல, அந்த டிராக்டரிலேயே திரும்பினேன். ஆட்டோக்காரர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். அக்கா பத்திரம் என்றதும் சிரித்து, பேசிய காசை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

சமணமலை தெரியும் இடத்தில் பாண்டியம்மாள் டிராக்டரை நிறுத்தச் சொன்னார். மலையடி வரைக்கும் ஒரே தண்ணீர். பயிரென்று ஒரு பச்சை நுனிகூட இல்லை. தன் வயல் இருந்த இடத்துக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து போனார். குனிந்து, இரு கையிலும் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“கோவமே வரலையாம்மா?”

“வராம? நேத்து பூரா மழையை வாய்க்கு வந்தபடி வஞ்சேன். ஆனாலும் தண்ணியாச்சேப்பா. இது வராத வருசம் நாங்க பட்டது எங்களுக்குல்ல தெரியும்.”

எங்கள் வீட்டில் தட்டில் சோறு விழுந்த பிறகு நன்றி சொல்லித்தான் பழக்கம். எல்லாம் போன வயலில் நின்று ஒருவர் கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நானும் தண்ணீரில் இறங்கினேன்.