சந்தானத்தின் காரும் இரண்டு பனங்கட்டைகளும்

கடையில் மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபோது போன் வந்தது. "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே" என்றார் வசந்தா, சந்தானத்தின் மனைவி. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம். மரணச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்லும் "இன்னாலில்லாஹி"யை என் வாய் தானாகச் சொன்னது. அவன் கேட்டிருந்தால், "எனக்கும் செல்லுமாடா அது?" என்று சிரித்திருப்பான். செல்லும் என்றே நினைக்கிறேன்.

அச்சில் ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. மீசை முளைத்த நாளிலிருந்து வாடா போடா என்று பேசிய எனக்கு அது வராது. அவனை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் கீழவாசலில் எனக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. அவன் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து மிராசுதார் வீட்டுப் பிள்ளை. அப்பாவின் பழைய காரில் பெரிய இன்ஜின் ஒன்றை ஏற்றிப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்று அவனுக்கு ஒரு பைத்தியம். இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிளட்சை விட்டு வேகமாகக் கிளப்பினால் பின்சக்கரங்கள் இரண்டும் தடதடவென்று துள்ளும். கார் முன்னே பாயாமல் நின்ற இடத்திலேயே குதிக்கும். பார்த்தவர்கள் எல்லாம் வைத்தியம் சொன்னார்கள். டயரில் காற்றைக் குறைத்தோம், ஷாக் அப்சார்பரை மாற்றினோம், ரப்பர் புஷ்களைப் புதிதாகப் போட்டோம். ஒவ்வொரு தோல்வியும் என் கடைக்கு வியாபாரம். ஒரு நாள் துள்ளல் அடங்கியது என்று பிரியாணி சாப்பிட்டோம். டிக்கியில் வீட்டு ஆட்கள் இரண்டு நெல் மூட்டைகளை வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. மூட்டையை இறக்கியதும் பழைய குதியாட்டம் திரும்பிவிட்டது.

விளையாட்டாக இருந்தது அந்த வருடம் வேறாக மாறியது. கழக ஆட்சி வந்து, நில உச்சவரம்பு பற்றிய பேச்சு வந்து, மிராசுதார்கள் வயிற்றில் நெருப்போடு இருந்த காலம். ஊர் ஆட்கள் அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டுச் செங்கொடியோடு வரப்பில் நின்றார்கள். வெளியூர் ஆட்களை நடத்திக் கூட்டிவந்தால் மறித்துவிடுவார்கள். மாட்டு வண்டிக்காரர்களும் வர மறுத்துவிட்டார்கள். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கூட்டத்தைத் தாண்டிவிடலாம் என்பது பெரியவரின், அதாவது சந்தானத்தின் அப்பாவின், யோசனை. மகனிடம் சொன்னார்: "பந்தயத்துல ஜெயிச்சிட்டு வா, கார் உன்னோடது. இல்லாட்டி அறுப்புக்கு ஆளுங்கள நீதான் ஏத்திக்கிட்டு வரணும்."

சந்தானம் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "அவங்களோடதான் வாய்க்கால்ல கெண்ட புடிச்சேன் காதர். அவங்க மொகத்தப் பாத்து ஹாரன் அடிக்க என்னால ஆகாது" என்றான்.

மறுநாள் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, சாலையோரம் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டான். பின்சக்கரத்தின் உயரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கிளப்பச் சொன்னான். கடைசியில் புழுதியோடு எழுந்து வந்து சொன்னதை நான் இன்றைக்கும் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். "துள்ளுற எடத்தப் பாத்துக்கிட்டே இருந்தோம்டா. முறுக்குற எடத்தப் பாக்கல."

சக்கரம் துள்ளுவதற்கு முன்பே ஆக்சில் மூக்கைத் தூக்கியது. அதைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் முறுக்கிக்கொண்டு வளைந்தன, பிறகு விடுபட்டுத் திரும்பின. அந்த உதறலில்தான் சக்கரம் தரையை விட்டது. காரணம், ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இருந்த பனங்கட்டைகள். வாய்க்காலில் இறங்கி ஏற வேண்டிய எங்கள் பக்கத்துக் கார்களில் பின்பக்கத்தை உயர்த்த அப்படிக் கட்டை கொடுப்பது வழக்கம். எல்லாக் காரிலும் இருந்ததால் யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. கடப்பாரை நீளமானால் கல் சுலபமாகப் புரளும் அல்லவா? கட்டையின் உயரம் ஆக்சிலுக்கு அந்த வசதியைக் கொடுத்திருந்தது. இரண்டையும் கழற்றினான். அவற்றை இறுக்கியிருந்த நீள யூ போல்ட்டுகளை என் மேசையில் போட்டுவிட்டுக் குட்டையானவற்றை வாங்கிப்போனான். கார் துள்ளவில்லை.

பந்தயத்தில் முதலில் பாய்ந்தது அவன் கார்தான். பாதியில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. தோற்றுத்தான் திரும்பினோம்.

அறுவடை நாளில் என்னையும் வரச் சொன்னான். முன்சீட்டில் பெரியவரும் நானும் நெருக்கிக்கொண்டோம், பின்னால் வெளியூர் ஆட்கள். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் கொடியோடு கூட்டம். சந்தானம் கரையிலேயே இன்ஜினை அணைத்தான்.

"எறக்குடா."

"எறங்காதுப்பா. கட்டையக் கழட்டிட்டேன். சைலன்சர் முழுகி இன்ஜின் நின்னுடும்."

"போய் மாட்டிக்கிட்டு வா."

"வெந்நீர் அடுப்புல போட்டு எரிச்சிட்டேன்பா."

பின்னாலிருந்து ஒருவர், "நடந்துலாம் வர மாட்டோங்க" என்றார். தச்சரிடம் சொன்னால் மதியத்துக்குள் வேறு கட்டை தயார். நாட்டில் பனைக்கா பஞ்சம்? பெரியவர் அதைச் சொல்லவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி, தனியாகத் தண்ணீரில் இறங்கிப்போனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. கூலித் தகராறு தாலுகா ஆபீஸ் வரை போய்த்தான் தீர்ந்தது. ஆனால் அந்த நெல்லை ஊர் ஆட்களே அறுத்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் போயிருந்தேன். பீரோவில் சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்த வசந்தா, "பின்னால குனிஞ்சு பாருங்கண்ணே" என்றார். பீரோவின் முன்கால்கள் செங்கல் மேல் இருந்தன. பின்கால்களுக்கு இரண்டு பனங்கட்டைகள். நடுவில் போல்ட் துளை, எண்ணெய்க் கறை.

"எரிச்சிட்டதா சொன்னானேம்மா?"

"வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தாரு. வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தப்ப எடுத்தாந்து வெச்சாரு."

"பெரியவருக்குத் தெரியாமலா?"

"மாமாதாண்ணே பீரோவத் தூக்கிப் புடிச்சாரு. இவரு கட்டைய அடியில தள்ளுனாரு. ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசிக்கல."

ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன், பீரோ சாய்ந்துவிடும். என்னிடம் அவன் விட்டுப்போன நீள யூ போல்ட்டுகள் இருக்கின்றன. கடைச் சுவரில், கல்லாவுக்கு மேலே, ஆணியில் தொங்குகின்றன. விலை கேட்பவர்களிடம், அது ஒருவருடையது, வந்து வாங்கிக்கொள்வார் என்று இதுவரை சொல்லிவந்தேன். இனியும் அதையேதான் சொல்வேன்.