பட்டியலின் கடைசி வரி

2023 நவம்பர் 18, சனிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். தன் பொறாமை தொடங்கிய நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்லக்கூடியவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். என்னால் முடிகிறது. அது கைப்பேசியில் ஒரு செய்தியாக வந்தது. செய்தியின் கீழே நேரமும் இருந்தது.

அது நடந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. நேற்று சயானில் ஒரு தோல்பை வாங்கினேன். வீட்டில் அதைத் திறந்ததும் பசை மணம் வந்தது. தோலை ஒட்டுகிற மஞ்சள் பசை. முதலில் தலை சுற்றும், பிறகு பழகிவிடும், அதன்பின் அது இல்லாத அறை வெறுமையாகத் தோன்றும். பையில் புத்தகங்களை அடுக்கலாம் என்று உட்கார்ந்தவள், அடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மணம் சபீனாவின் வீட்டு மணம். தாராவியில் கீழே அவள் வாப்பாவின் தோல்பைப் பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே வீடு.

சபீனா ஜூனியர் கல்லூரியில், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில், என் பெஞ்சுக்காரி. வகுப்பு முடிந்ததும் சயானில் இருந்த ஒரு கேமிங் கூடத்துக்குப் போவோம். ஒரு கணினிக்குத்தான் எங்களிடம் காசு இருக்கும். அவளுக்கு நாற்காலி, எனக்குக் கூடத்துக்காரர் எங்கிருந்தோ ஒரு முதுகில்லாத ஸ்டூலைக் கொண்டுவந்து போடுவார். திரையில் அவள் வண்டி ஓட்டுவாள், நான் வரைபடம் பார்த்து வழி சொல்வேன். அதையும் நான் ஒழுங்காகச் செய்ததில்லை. “அடுத்த வளைவில் இடதுபுறம் திரும்பினால் நல்லது என்று…” என்று நான் தொடங்குவதற்குள் வண்டி பள்ளத்தில் கிடக்கும்.

“ஏட்டி, லெஃப்ட்டுன்னு ஒத்த வார்த்த சொல்லு. நீ வாக்கியத்த முடிக்கதுக்குள்ள நான் செத்துருதேன்!”

பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் மறுநாள் அந்த ஸ்டூலுக்குப் போய்விடுவேன். உண்மையைச் சொன்னால் எனக்கு விளையாட்டில் ஆசை இருந்ததில்லை. அவள் பக்கத்தில் இருப்பதில் இருந்தது.

அவளுக்கென்று சொந்தமாக ஒரு கணினி வேண்டும் என்று முடிவானபோது, பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. அறுபதாயிரத்துக்குள் முடிய வேண்டும்: பாதி வாப்பா தருவார், மீதி அவள் பெருநாள் காசும் டியூஷன் காசும். நான் இலக்கியம் படிக்கப்போகிறவள். ராமுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வேறுபாடு அப்போதுதான் கற்றேன். ஆனால் கற்றபின் அதில் ஒரு யாப்பைக் கண்டேன். இந்த பிராசஸர் இந்த மதர்போர்டில்தான் அமரும். இந்த கிராபிக்ஸ் கார்டுக்கு இத்தனை வாட் பவர் சப்ளை வேண்டும். ஒரு சீரை மாற்றினால் தளை தட்டும், அடியைத் திருப்பி எழுத வேண்டும். பொருளியல் நோட்டின் பின்பக்கங்களில் இரண்டு ஆண்டு எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். எத்தனை முறை திருத்தினாலும் கடைசி வரி மட்டும் மாறவில்லை: ‘ஸ்டூல் – 1.’ அந்த வரியை முதலில் எழுதியவள் சபீனா.

சனிக்கிழமைகளில் மாட்டுங்கா ரோடில் ரயிலேறி கிராண்ட் ரோடில் இறங்கி, லேமிங்டன் சாலையில் கடை கடையாக விலை எழுதி வாங்குவோம். துண்டுச்சீட்டில் பொருளும் விலையும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்துத் தருவார்கள். அதன் பெயர் கொட்டேஷன். ஒரு கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே பேனாவை எடுத்துவிடுவார். “க்யா பேட்டா, இஸ் ஜனம் மே லேங்கே?” இந்தப் பிறவியிலாவது வாங்குவீர்களா என்று கேட்கிறார். “லேங்கே அங்கிள், பக்கா!” என்பாள் சபீனா. அந்தச் சீட்டுகள் எல்லாமும் என்னிடம்தான் இருந்தன. ஒன்றைக்கூட நான் கசக்கியதில்லை.

கல்லூரிகள் பிரிந்தன. அவள் பொறியியலுக்குப் போனாள், நான் தமிழ் எழுத்துகள் மறந்துபோன இரண்டு மாட்டுங்காக் குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டு இலக்கியத்துக்குப் போனேன். அந்தச் சம்பளத்தில் ஆகஸ்ட் மாதம், யாருக்கும் சொல்லாமல், எங்கள் பட்டியலில் இருந்த கேபினெட்டை வாங்கினேன். எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற வெளிப்பெட்டி அது. கறுப்பு, அலங்காரமில்லாதது, அகலமானது. கணினி வாங்கும் நாளில் அவளை வியக்கவைக்க வேண்டும் என்று கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அம்மா அதைப் புத்தகப் பெட்டி என்று நினைத்துத் தினமும் சுற்றிப் பெருக்கினாள்.

இதற்கிடையில் நிகிதா வந்தாள். செம்பூர்ப் பெண், சபீனாவின் வகுப்பு. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. சபீனாவின் ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சும் “நிகிதா சொன்னா” என்று தொடங்கியது. நான் அதை எண்ணவில்லை என்று எழுத விரும்புகிறேன். எண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு முறை.

நான்கு இருபதுக்கு வந்த செய்தி இதுதான்: “லிஸ்ட் ஃபைனல்! நிகிதா போட்டா. இப்பம் ட்ரெயின்ல போயிட்டு இருக்கோம், வாங்கிருவோம். நாளைக்கு வீட்டுக்கு வா, மாட்டுவோம்.” கூடவே அழகாகத் தட்டச்சு செய்த ஒரு பட்டியலின் படம். என் கறுப்புப் பெட்டி அதில் இல்லை. அதற்குப் பதிலாக, பக்கவாட்டில் கண்ணாடி பதித்து, நிறம் மாறும் விளக்குகளோடு ஒரு சின்னப் பெட்டி. கடைசி வரிக்குப் போனேன். கடைசி வரி கீபோர்டு. ஸ்டூல் இல்லை.

பிழை திருத்துகிறவளின் கண் இருக்கிறதே, அது துக்கத்திலும் வேலை செய்யும். அளவுகளைத் தேடிப் பார்த்தேன். நிகிதாவின் பெட்டிக்குள் இருபத்தெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள கார்டுதான் படுக்கும். அவள் எழுதியிருந்த கார்டு முப்பது தாண்டியது. அந்தக் கடைகளில் உறையைப் பிரித்த பொருளைத் திரும்ப எடுக்கமாட்டார்கள். எங்களுக்கு அது மனப்பாடம். “கேபினெட்டை மாத்து, கார்டு உள்ளே போகாது” என்று தட்டினேன். ரயில் அப்போது கிராண்ட் ரோடை எட்டியிருக்காது. அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு, “நன்னாயிருக்கு” என்று அனுப்பினேன். மணி நான்கு முப்பத்தொன்று.

இப்போது அந்த கேமிங் கூடம் இருந்த இடத்தில் கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. கணினி வாங்குகிறவர்கள் கட்டிலில் படுத்தபடியே வாங்கிவிடுகிறார்கள். எந்தக் கார்டு எந்தப் பெட்டியில் நுழையாது என்பதைத் திரையே சிவப்பில் சொல்லிவிடுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு அங்கே வேலையில்லை. சபீனாவின் வாப்பா பட்டறையை அம்பர்நாத்துக்கு மாற்றிவிட்டார். பெருநாளுக்கு அவள் இன்னும் வாழ்த்து அனுப்புகிறாள். எனக்கு மட்டுமல்ல, இருநூறு பேருக்கும் சேர்த்து ஒரே வாழ்த்து. எந்தப் பட்டியலையும் அவள் எனக்குக் காட்டுவதில்லை.

அந்தச் செய்தி வந்த மறுநாள் காலை கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். “எங்கேடி இந்த மூட்டையைத் தூக்கிண்டு கிளம்பிட்டே?” என்றாள் அம்மா. ப்ராஜெக்ட் என்றேன். ஆட்டோ மாட்டுங்காவுக்குள் வராது. டாக்சிக்காரர் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். பேருந்தில் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன். தாராவிச் சந்தில் இடுப்பில் வைத்தால் சுவர் இடித்தது, தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஏணிக்கு அடியில் நின்றபோது, மேலே எல்லோரும் முகம் வாடி உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். பிரித்த அட்டைகளுக்கு நடுவே கார்டு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. “ஸாரி யார், நான் லெங்த் பாக்கவே இல்ல” என்று நிகிதா அழுதுவிடுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் தலையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் சபீனா கத்திவிட்டாள். “நம்ம கேபினெட்டு! ஏளா, நீ மனுசியா ஜின்னா?” நிகிதா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் அமர்ந்தன, கார்டும் அமர்ந்தது.

அப்போதுதான் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். ஒரு ஸ்டூல். மேலே பஞ்சு வைத்துச் சிவப்புத் தோல் தைத்திருந்தது. பசை மணம் இன்னும் போகவில்லை. நிகிதா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒனக்குத்தாம்மா” என்றார் வாப்பா. பட்டறையின் எஃகு அளவுகோல் அவர் கையிலேயே இருந்தது. “கடையில வாங்காதீய, நீங்க செஞ்சு தாங்கன்னு சபீனா ஒரு மாசமா அரிச்சு எடுத்துட்டா.” பிறகு புதுப் பெட்டியையும் சின்னப் பெட்டியையும் அளவுகோலால் மாறி மாறி அளந்துவிட்டு, தொழில்காரருக்கே உரிய சந்தேகத்தோடு கேட்டார்: “ஆமா, இது பத்தாதுன்னு ஒனக்கு எப்படிம்மா தெரியும்? இன்னைக்கு ஞாயித்துக்கெழம, கடையும் கெடையாதே.”

பரிசாக எப்போதோ வாங்கிவைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. பெட்டிக்குள் ஆகஸ்ட் மாத ரசீது இருந்தது.

“நேத்து நாலரைக்கே தெரியும், அங்கிள்” என்றேன்.

சபீனா ஒரு திருகாணியைப் பாதி முடுக்கியிருந்தாள். மீதியையும் நிதானமாக முடுக்கினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கால்விரலால் ஸ்டூலைத் தள்ளி நிகிதாவின் பக்கம் நகர்த்தினாள்.

“உக்காருட்டி” என்றாள் அவளிடம்.

நான் கேபினெட் வந்த அட்டைப்பெட்டியை மடித்து எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினேன்.